கேம் நடுவில் பட்டென்று அணையும் கம்ப்யூட்டர்: இரண்டு கிராபிக்ஸ் கார்டு, ஒரு எஸ்எம்பிஎஸ்

கேம் ஓடும்போது கம்ப்யூட்டர் ஹேங் ஆவது வேறு, நீலத் திரை காட்டுவது வேறு, பட்டென்று மொத்தமாக அணைந்துபோவது வேறு. ஹேங்கும் நீலத் திரையும் வரும்போது விண்டோஸுக்கு ஏதோ கோளாறு என்றாவது தெரியும். சாவதற்கு முன் ஒரு வரி எழுதிவைக்க நேரமும் இருக்கும். மூன்றாவதில் அந்த அவகாசம் கிடையாது. மின்சாரம் போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் இந்த மூன்றுக்கும் ஒரே மருந்துதான் சொல்லப்படுகிறது: டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போடு, விண்டோஸை ஃபார்மட் பண்ணு. பட்டென்று அணையும் மெஷினில் இந்த இரண்டையும் செய்து முடிக்க ஒரு நாள் போகும். மறுநாள் அதே கேமில், அதே காட்சியில், திரும்ப அணையும்.

மொத்தமாக அணைகிறது என்றால் எங்கோ ஒரு பாதுகாப்புச் சுற்று ‘போதும்’ என்று முடிவெடுத்திருக்கிறது. கம்ப்யூட்டரின் பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் அப்படிப் பல சுற்றுகள் உண்டு. பிராசசரில் ஒன்று உண்டு. யூபிஎஸ்ஸில் ஒன்று உண்டு. எதையும் கழற்றுவதற்கு முன், எதையும் வாங்குவதற்கு முன், இவற்றில் நிறுத்தியது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு கிராபிக்ஸ் கார்டு உள்ள மெஷினில் சந்தேகம் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் மேல்தான் விழும். சந்தேகம் சரி. ஆனால் ‘எத்தனை வாட்’ என்று நாம் போடும் கணக்குதான் தப்பு.

கூட்டல் கணக்கு ஏன் ஏமாற்றுகிறது

பழைய சந்தையில் இன்றும் கிடைக்கிற ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். 2017 மார்ச்சில் வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கார்டு இரண்டு, அதே ஆண்டு வந்த கோர் ஐ7-8700கே பிராசசர், 850 வாட் எஸ்எம்பிஎஸ். என்விடியா கொடுத்த கணக்குப்படி கார்டு ஒன்றுக்கு 250 வாட், இரண்டுக்கும் 500. பிராசசருக்கு அட்டைப்பெட்டியில் 95 வாட் என்று போட்டிருக்கும். வேகத்தைக் கூட்டி ஓவர்கிளாக் செய்தால் 150 என்று வைப்போம். மதர்போர்டு, ரேம், டிஸ்க், விசிறிகள் எல்லாம் சேர்த்து ஒரு 60. மொத்தம் 710. கையில் இன்னும் 140 வாட் மிச்சம். யாரைக் கேட்டாலும் ‘தாராளமாகப் போதும்’ என்பார்கள்.

இந்த 250 வாட் என்பது சராசரி. கார்டு தன் மின்சாரச் செலவைத் தானே அளந்து, வரம்பு தாண்டினால் கிளாக் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆனால் அந்த அளவையும் திருத்தமும் நடக்கச் சில மில்லிநொடிகள் ஆகும். அதற்குள், நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போன்ற குறுகிய நேரத்தில், கார்டு சராசரியைவிட மிக அதிகமான கரண்டை இழுத்துவிட்டு இறங்கிவிடும். தண்ணீர் மோட்டார் போடும்போது வீட்டு விளக்கு ஒரு கணம் மங்குகிறதே, அந்த மாதிரி. மோட்டாரின் பெயர்ப்பலகையில் இருக்கும் ஆம்பியருக்கும் அந்தக் கணத்து ஆம்பியருக்கும் சம்பந்தமே இருக்காது.

இது ஊகம் அல்ல என்பதற்குத் தொழில்துறையே சாட்சி. 2022-ல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, கார்டுகளுக்கான புதிய 12 வோல்ட் இணைப்பைக் கொண்ட பெரிய எஸ்எம்பிஎஸ்கள் தங்கள் திறனைப்போல் இரண்டு மடங்கு சுமையை 100 மைக்ரோநொடிக்குத் தாங்கியாக வேண்டும் என்கிறது. ஆயிரம் வாட் எஸ்எம்பிஎஸ் என்றால் அந்த 100 மைக்ரோநொடிக்கு இரண்டாயிரம் வாட். அப்படி ஒரு விதி எழுதவேண்டிய அளவுக்குக் கார்டுகளின் திடீர் இழுவை வளர்ந்திருந்தது. அதற்கு முந்தைய எஸ்எம்பிஎஸ்கள் எதுவும் இந்தச் சோதனையை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை இல்லை. சில தாங்கும், சில தாங்காது. அட்டைப்பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதே எச்சரிக்கை அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே ஒரு கார்டின் குறிப்பில் வந்துவிட்டது. 2014 ஏப்ரலில் ஏஎம்டி விட்ட ஆர்9 295எக்ஸ்2, ஒரே போர்டில் இரண்டு கிராபிக்ஸ் சிப் வைத்த கார்டு. 500 வாட். அதற்கு இருந்தது வெறும் இரண்டு எட்டு-பின் இணைப்பு. கார்டுகள் மதர்போர்டோடு இணையும் முறைக்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் விதிப்படி எட்டு-பின் இணைப்பு ஒன்றுக்கு 150 வாட், அதாவது 12.5 ஆம்பியர். ஆனால் ஏஎம்டி கேட்டது, இணைப்பு ஒவ்வொன்றுக்கும் 28 ஆம்பியர் தரக்கூடிய எஸ்எம்பிஎஸ். விதி சொல்லும் அளவைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மொத்த வாட் எவ்வளவு என்று பார்ப்பதைவிட ஒரு வயரில் எவ்வளவு வரும் என்று பார் என்று கார்டு செய்தவர்களே சொன்னார்கள். விவரக்குறிப்பின் அடியில் இருந்ததால் வாங்கியவர்கள் பலர் படிக்கவில்லை.

இரண்டு தனித்தனிக் கார்டில் இது இன்னும் சிக்கலாகிறது. இரண்டு கார்டைச் சேர்த்து ஓட்டும் என்விடியாவின் எஸ்எல்ஐ, ஏஎம்டியின் கிராஸ்ஃபயர் இரண்டிலும் வழக்கமான முறை, ஒரு பிரேமை, அதாவது திரையில் வரும் ஒரு படத்தை, ஒரு கார்டும் அடுத்த பிரேமை அடுத்த கார்டும் வரைவது. லோடிங் திரையில் இரண்டும் சும்மா இருக்கும். காட்சி திறந்தவுடன் இரண்டும் சேர்ந்தாற்போல் எழும். இரண்டின் உச்சமும் ஒரே கணத்தில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், 710 வாட் என்று போட்ட கணக்கு அந்தக் கணத்துக்கு ஆயிரத்தைத் தாண்டிவிடும். கார்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் உள்ள கெப்பாசிட்டர்கள் ஒரு பகுதியை விழுங்கும். மீதியை எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று பார்க்கும். பார்த்தால் அணைக்கும். அது தன் வேலையைத்தான் செய்கிறது.

கார்டை முழுச் சுமையில் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை, அதனால் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று சொல்பவர்களுக்கும் இங்கே பதில் இருக்கிறது. ஃபர்மார்க் தருவது சமமான, ஏற்ற இறக்கம் இல்லாத சுமை. வெப்பத்தைச் சோதிக்க அது நல்லது. கேம் தருவது நொடிக்கு நொடி ஏறி இறங்கும் சுமை. ஒரு மணி நேர ஃபர்மார்க்கைத் தாண்டிய மெஷின், கேமில் ஒரு கதவைத் திறந்ததும் விழுவதில் வியப்பு இல்லை. கேமின் மெனு திரையும் ஒரு பொறி. பிரேம் வேகத்துக்கு வரம்பு வைக்காத மெனுவில், வரைய ஒன்றுமே இல்லாததால் கார்டு நொடிக்கு நூற்றுக்கணக்கான பிரேம்களைக் கொட்டும். விளையாடும்போது அணையாமல் மெனுவுக்கு வந்ததும் அணைகிற மெஷின்கள் உண்டு. பிரேம் வரம்பைப் போட்டாலே சில அடங்கிவிடும்.

அணைந்த விதமே பாதி விடை

பழுது பார்ப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அணைந்த பிறகு என்ன ஆயிற்று என்பது.

முழுவதும் அணைந்து, முன்பக்கப் பட்டனை அழுத்தினாலும் உயிர் வராமல், எஸ்எம்பிஎஸ் பின்னால் உள்ள சுவிட்சை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்டால்தான் கிளம்புகிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு பூட்டிக்கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. அளவு மீறிய கரண்டு, ஷார்ட், அளவு மீறிய வோல்டேஜ் போன்றவற்றுக்கு அது பெரும்பாலும் இப்படிப் பூட்டிக்கொள்ளும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. உடனே போட்டாலும் வராமல், கால் மணி ஆறவிட்டால்தான் வருகிறது என்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் உள்வெப்பப் பாதுகாப்பைச் சந்தேகிக்கலாம். கேபினட்டின் அடியில் கீழ்நோக்கி வைத்த எஸ்எம்பிஎஸ், அதன் தூசி வடிகட்டியில் ஒரு விரல் கனத்துக்குப் பஞ்சு, கேபினட் நேராகத் தரைவிரிப்பின் மேல் என்றால் வேறு காரணம் தேடவே வேண்டாம்.

அணைந்து, தானாகவே மறுபடி கிளம்புகிறது என்றால் கதை மாறுகிறது. நீலத் திரை வந்து கண்ணில் படுமுன் ரீஸ்டார்ட் ஆகியிருக்கலாம். விண்டோஸில் ‘தானியங்கி ரீஸ்டார்ட்’ என்ற டிக்கை எடுத்துவிட்டால் அடுத்த முறை திரை நிற்கும். இல்லையென்றால் 12 வோல்ட் ஒரு கணம் சரிந்து, ‘மின்சாரம் சரியாக இருக்கிறது’ என்று எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்குத் தரும் சமிக்ஞை விழுந்து எழுந்திருக்கலாம்.

திரை கறுத்து, விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டு, சில சமயம் கார்டின் விசிறி ஜெட் விமானம்போல் கத்திக்கொண்டு, ஹெட்போனில் கடைசிச் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்கிறதா? மெஷின் அணையவில்லை. ஒரு கார்டு விழுந்துவிட்டது. எஸ்எம்பிஎஸ்ஸைத் தேடிப் போகாமல் கார்டையும் அதன் வயரையும் அது உட்கார்ந்திருக்கும் ஸ்லாட்டையும் பார்க்க வேண்டும்.

இதற்குப் பிறகு, விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறக்கலாம். கெர்னல்-பவர் 41 என்ற பதிவு சிவப்பு எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘கெர்னல்-பவர் பிரச்சினை’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அந்தப் பதிவு சொல்வது ‘போன முறை முறையாக அணைக்கப்படவில்லை’ என்பதை மட்டும்தான். அதுவும் அணைந்தபோது எழுதப்பட்டதில்லை, திரும்பக் கிளம்பியபோது எழுதப்பட்டது. பயன்படுவது அதன் விவரப் பகுதியில் உள்ள பக்செக் கோடு எண். அது 0 என்றால் விண்டோஸ் எந்தப் பிழையையும் பார்க்கவில்லை, மின்சாரம் நேராகப் போயிருக்கிறது. எண் வேறு ஏதாவது என்றால் நீலத் திரை வந்திருக்கிறது, விசாரணை டிரைவர், ரேம், கார்டு பக்கம் திரும்ப வேண்டும். அணைவதற்குச் சில நிமிடங்கள் முன்பு டிஸ்ப்ளே டிரைவர் பதிலளிக்கவில்லை, மீண்டது என்ற 4101 பதிவோ, வியா-லாகர் என்ற பெயரில் பிசிஐ எக்ஸ்பிரஸ் பிழைகளோ வரிசையாக இருந்தால் ஸ்லாட்டில் கார்டு சரியாக உட்காரவில்லை என்ற சந்தேகம் வலுக்கிறது. இரண்டு கனமான கார்டு தொங்கும் போர்டில் இது சகஜம்.

வெப்பமா, கரண்டா

இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் வேலையின் நடுப்பகுதி, கடினமான பகுதியும் கூட. கார்டு சூடானால் கரண்டு சற்றுக் கூடும், கரண்டு கூடினால் சூடு கூடும். இரண்டும் கைகோத்தே வரும்.

நேரம் ஒரு துப்பு. வெப்பத்துக்கு ஊற நேரம் வேண்டும். குளிர்ந்த மெஷினில் அரை மணி கழித்து அணைகிறது, உடனே போட்டால் ஐந்தே நிமிடத்தில் மறுபடி அணைகிறது, மே மாதத்தில் தினமும், டிசம்பரில் எப்போதாவது என்றால் வெப்பம். சென்னையின் மே மாதம் 40 டிகிரியைத் தொடும். ஏசி இல்லாத அறையில் கார்டு உள்ளிழுக்கும் காற்றே அந்தச் சூட்டில்தான் இருக்கும். அதற்கு மாறாக, போட்ட மூன்றாவது நிமிடத்திலும் நாற்பதாவது நிமிடத்திலும் அணைகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் காட்சி மாறும் இடத்தில் என்றால் கரண்டு.

இரட்டைக் கார்டில் வெப்பத்துக்கு ஒரு தனி வரைபடம் உண்டு. மேலே உள்ள கார்டின் விசிறி, கீழே உள்ள கார்டின் முதுகைப் பார்த்து நிற்கிறது. இடையில் ஒரு ஸ்லாட் இடைவெளிகூட இல்லையென்றால் அது இழுப்பது கீழ்க்கார்டு சுடவைத்த காற்றை. மேல்கார்டு கீழ்க்கார்டைவிடப் பத்து டிகிரிக்கு மேல் சூடாக இருப்பது சாதாரணம். மூன்று விசிறி வைத்த பகட்டான கார்டுகள் இந்த இடத்தில் மோசம். சூட்டைக் கேபினட்டுக்குள்ளேயே கொட்டுகின்றன. சத்தம் போடும், அழகில்லாத, ஒற்றை விசிறி வைத்துப் பின்பக்கமாகக் காற்றை வெளியே தள்ளும் புளோயர் கார்டுகள்தான் ஜோடி போடுவதற்குப் பொருத்தம். விற்பனையில் தோற்றவை அவைதான் என்பது வேறு விஷயம்.

ஆனால் கிராபிக்ஸ் சிப்பின் வெப்பத்தால் நேராக மெஷின் அணைவது அபூர்வம். 1080 டிஐ தன் வெப்ப எல்லையை நெருங்கும்போது கிளாக்கைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். அதற்கு என்விடியா வைத்த உச்சம் 91 டிகிரி. பிராசசரும் அப்படியே: 8700கே 100 டிகிரியில் வேகத்தைக் குறைக்கும், ஏறத்தாழ 130-ல்தான் அவசரமாக மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும். கூலர் கழன்றிருந்தாலோ வாட்டர் கூலிங் பம்ப் நின்றிருந்தாலோ தவிர அங்கே போகாது. ஆபத்து, சென்சார் இல்லாத இடங்களில். கார்டில் சிப்புக்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் வோல்டேஜ் பகுதியின் வெப்பத்தைப் பல கார்டுகள் மென்பொருளுக்குச் சொல்வதே இல்லை. 2016 இறுதியில் ஈவிஜிஏ நிறுவனத்தின் சில 1070, 1080 கார்டுகளில் அந்தப் பகுதி அளவுக்கு மீறிச் சுட்டது. நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குத் தெர்மல் பேட் அனுப்பியது, விசிறி வேகத்தைக் கூட்டும் பயாஸ் (கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) தந்தது. சிப்பின் வெப்பம் மட்டும் பார்த்தவர்களுக்கு எல்லாம் நலமாகத்தான் தெரிந்தது.

பிரித்தறிய எளிய வழி: கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி ஒரு டேபிள் ஃபேனை முழு வேகத்தில் உள்ளே திருப்பிவைத்து அதே கேமை ஓட்டுவது. அணைவது நின்றால் வெப்பம். நிற்கவில்லையென்றால் அடுத்தது, ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் இரண்டு கார்டின் பவர் லிமிட்டையும், அதாவது கார்டு இழுக்கும் மின்சாரத்தின் வரம்பை, 70 சதவீதத்துக்கு இறக்குவது. கதவைத் திறந்து ஃபேன் வைத்தும் அணைந்த மெஷின், 70 சதவீதத்தில் அணையவில்லை என்றால் கரண்டுதான். அதற்குப் பிறகும் அணைந்தால் ஒரு கார்டைக் கழற்றி ஓட்ட வேண்டும். பிறகு அதை எடுத்துவிட்டு மற்றதை, அதே ஸ்லாட்டில், அதே வயரில். ஒரு கார்டு தனியாகவும் அணைத்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. இரண்டும் தனித்தனியே ஒழுங்காக ஓடி, சேர்ந்தால் மட்டும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ், வயர், மதர்போர்டு என்று வட்டம் சுருங்குகிறது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். கார்டையும் வயரையும் ஒருசேர மாற்றிவிட்டுச் சரியானால், எதனால் சரியானது என்று தெரியாது.

வெப்பம், வோல்டேஜ் எண்களைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் லாக் எழுதவைப்பது நல்ல பழக்கம். ஆனால் அதிலிருந்து எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். அது சாதாரணமாக இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் படிக்கும். நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நீளும் உச்சம் அதில் விழவே விழாது. மின்சாரம் திடீரென்று போவதால் கடைசி வரிகள் கோப்பில் ஏறாமலும் போகலாம். மேல்கார்டு 82, கீழ்க்கார்டு 69, 12 வோல்ட் 11.9 என்று சாதுவான எண்களோடு லாக் முடிந்திருந்தால் ‘ஒன்றும் இல்லை’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. படிப்படியாக ஏறிய வெப்பம் இல்லை என்பதற்கு அது சாட்சி. மதர்போர்டு காட்டும் 12 வோல்ட் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. மல்டிமீட்டரைக் கார்டின் இணைப்புக்குப் பின்பக்கம் செருகிப் பார்ப்பது மேல். விதிப்படி 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. சுமையில் 11.5 என்று தள்ளாடினால் எஸ்எம்பிஎஸ்ஸோ வயரோ களைத்துவிட்டது. மல்டிமீட்டருக்கும் உச்சங்கள் தெரியாது.

பேப்பர் கிளிப்பை வளைத்துப் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்து எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்கும் வித்தை இந்தப் பிரச்சினைக்குச் சற்றும் உதவாது. அது கிளம்புகிறதா என்று மட்டும் சொல்லும். கிளம்புகிறது என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

வயரும் பிளக்கும்

எஸ்எம்பிஎஸ்ஸைக் குற்றம் சொல்லும் முன் வயரைப் பார்க்க வேண்டும். ஒரே கேபிளில் இரண்டு எட்டு-பின் தலை தொங்கும் வயர்கள் எஸ்எம்பிஎஸ்ஸோடு வரும். கார்டுக்கு இரண்டு இணைப்பு தேவை என்றால் அந்த ஒரே கேபிளின் இரண்டு தலையையும் செருகிவிடுவது வழக்கம். பார்க்கவும் நேர்த்தியாக இருக்கும். ஆனால் மொத்தக் கரண்டும் எஸ்எம்பிஎஸ் பக்கமுள்ள ஒரே பிளக்கின் வழியாகப் போகிறது. இணைப்பு ஒவ்வொன்றுக்கும் தனி கேபிள் போடுவது செலவில்லாத வைத்தியம். சில மெஷின்களில் அதுவே முழு வைத்தியம்.

பழைய மல்டி-ரெயில் எஸ்எம்பிஎஸ்களில் இன்னொரு கண்ணி. ஒரு வயர்க் கூட்டத்துக்கு 240 வாட், அதாவது 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் என்ற பழைய பாதுகாப்பு வரம்பின் அடிப்படையில் 12 வோல்ட்டைத் தனித்தனி வரம்புள்ள பல ரெயில்களாகப் பிரித்திருப்பார்கள். பின்னாளில் அந்த வரம்பு கட்டாயமில்லை என்று ஆனாலும் பிரிவினை பல மாடல்களில் தொடர்ந்தது. மொத்தம் ஆயிரம் வாட் இருந்தாலும், இரண்டு கார்டும் ஒரே ரெயிலில் மாட்டிக்கொண்டால் அந்த ரெயிலின் வரம்பில் அணையும். எந்த சாக்கெட் எந்த ரெயில் என்று எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு அட்டவணையிலோ கையேட்டிலோ இருக்கும். கார்டுகளை வேறு வேறு ரெயிலுக்குப் பிரித்தால் போதும்.

யாரும் பார்க்காத இடம், மதர்போர்டின் 24-பின் பிளக். கார்டு தனி வயரில் மட்டும் மின்சாரம் எடுப்பதில்லை. ஸ்லாட் வழியாகவும் 75 வாட் வரை எடுக்கலாம், அதில் 12 வோல்ட்டின் பங்கு 66 வாட், 5.5 ஆம்பியர். இரண்டு கார்டு என்றால் 11 ஆம்பியர். இந்த மின்சாரம் மதர்போர்டுக்கு வந்து சேர்வது 24-பின் பிளக்கில் உள்ள இரண்டே இரண்டு மஞ்சள் வயர்களில், பத்தாவது பின்னும் பதினோராவது பின்னும். விசிறிகளும் மற்றவையும் அதே வழியில்தான். பிளக் முழுவதும் உள்ளே போய் ‘க்ளிக்’ என்று பூட்டாமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றாலோ, பலமுறை கழற்றி மாட்டிப் பின்கள் தளர்ந்திருந்தாலோ அந்த இரண்டு இடமும் சுடும். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் மஞ்சள் வயர் நுழையும் இரண்டு கட்டங்களின் வெள்ளை பிளாஸ்டிக் தேநீர் நிறமாக மாறியிருப்பது தெரியும். மோசமான நிலையில் விளிம்பு உருகி வளைந்திருக்கும், மூக்கில் மீன் நாற்றம்போல் ஒன்று அடிக்கும். கறுப்பு பிளக் என்றால் நிறம் தெரியாது, பளபளப்பு போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல கார்டு போடுவதற்கென்றே வந்த விலையுயர்ந்த போர்டுகளில் ஸ்லாட்டுகளின் அருகே கூடுதலாக ஒரு ஆறு-பின் அல்லது மோலெக்ஸ் சாக்கெட் இருக்கும். அது இதற்காகத்தான். பலர் அதைக் காலியாகவே விட்டுவைத்திருப்பார்கள்.

ஸ்லாட் மின்சாரம் தலைப்புச் செய்தியான வரலாறும் உண்டு. 2016 ஜூன் 29-ல் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480 வந்தது. 150 வாட் கார்டு, ஒரே ஒரு ஆறு-பின் இணைப்பு. ஆறு-பின்னுக்கு 75, ஸ்லாட்டுக்கு 75, மிச்சமே இல்லாத கணக்கு. அளந்து பார்த்தவர்கள், அது ஸ்லாட்டிலிருந்து விதியை மீறி இழுப்பதைக் கண்டார்கள். இதே கார்டை இரண்டாகப் போட்டால் 500 டாலருக்குள் ஜிடிஎக்ஸ் 1080-ஐ மிஞ்சலாம் என்று அதற்குச் சில வாரங்கள் முன்புதான் கம்ப்யூடெக்ஸ் கண்காட்சி மேடையில் ஏஎம்டி காட்டியிருந்தது. இரண்டு கார்டு என்றால் மீறலும் இரண்டு மடங்கு, அதே இரண்டு மஞ்சள் வயரில். ஜூலையிலேயே 16.7.1 டிரைவர் வந்து சுமையை ஸ்லாட்டிலிருந்து ஆறு-பின் பக்கம் நகர்த்தியது. டிரைவர் மாற்றியதால் மின்சாரப் பிரச்சினை தீர்ந்த அபூர்வ நிகழ்வு அது.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வெளியே

நம் வீடுகளில் கம்ப்யூட்டர் நேராகச் சுவரில் செருகப்படுவது குறைவு. நடுவில் ஒரு யூபிஎஸ் இருக்கும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் 360 வாட்டுக்கானது. 850 வாட் எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் சுவரிலிருந்து 940 வாட் போல் இழுக்கும். யூபிஎஸ் ‘கீ’ என்று கத்திவிட்டு அணைந்தால் காரணம் கண்முன். ஆனால் சில சத்தமே இல்லாமல் வெளியீட்டை நிறுத்திவிடும். மெஷினை யூபிஎஸ் இல்லாமல் சுவரிலேயே செருகி ஒருநாள் ஓட்டிப் பார்ப்பது இந்த விசாரணையின் முதல் படிகளில் ஒன்றாக இருக்க வேண்டும். மானிட்டரும் அதே யூபிஎஸ்ஸில் சேர்ந்து அணைந்ததா என்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்.

வீட்டு இன்வெர்ட்டர் என்றால் இன்னொரு கேள்வி. கரண்டு போனபின் எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் தேங்கியதை வைத்து முழுச் சுமையில் 16 மில்லிநொடி போல் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது பழைய ஏடிஎக்ஸ் விதி. மலிவானவை அதற்கும் குறைவு. இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட நேரம் எடுத்தால் மெஷின் விழும். டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது கரண்டு போனால் தாங்குகிறது, கேமில் போனால் அணைகிறது என்பதற்கு இதுதான் காரணம். சுமை கூடினால் தேக்கம் சீக்கிரம் தீரும். இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோட் இருந்தால் அதில் போட வேண்டும்.

பெரிதாக வாங்கினால் போதுமா

‘ஆயிரத்து இருநூறு வாட் போடு, எல்லாம் சரியாகும்’ என்பது பொதுவான ஆலோசனை. பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. பலிப்பதற்குக் காரணம் பாதி நேரம் வாட் இல்லை. புதிய கெப்பாசிட்டர், புதிய வயர், மாற்றும்போது சரியாகச் செருகப்பட்ட பிளக். எட்டு வருடம் சூட்டில் ஓடிய 850 வாட் எஸ்எம்பிஎஸ் இன்று 850 வாட் இல்லை. மின்பகு கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பழைய கணக்கு. தரமான எஸ்எம்பிஎஸ்கள் 40 அல்லது 50 டிகிரிச் சூட்டில் முழு வாட் தருவதாக உறுதி சொல்கின்றன. அதைச் சொல்லாதவற்றின் வாட் எண் எந்த அறையில் அளந்ததோ. 80 பிளஸ் கோல்டு முத்திரை இதற்கெல்லாம் உத்தரவாதமில்லை, அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் பேசுகிறது.

புதிய எஸ்எம்பிஎஸ் மாட்டும்போது பழையதன் மாடுலர் (இரு பக்கமும் கழற்றி மாட்டும்) கேபிள்களை, நேர்த்தியாகக் கட்டிவைத்திருக்கிறோமே என்று அப்படியே விட்டுவிடக் கூடாது. கார்டு பக்கத்து பிளக் எல்லா நிறுவனத்திலும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்கத்து பிளக்கில் எந்தப் பின்னில் 12 வோல்ட் என்பதற்குப் பொது விதி இல்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். பிளக் கச்சிதமாகப் பொருந்தும், கார்டும் டிஸ்க்கும் புகையும்.

வாங்குவதற்கு முன் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: கேமுக்கு அந்த இரண்டாவது கார்டு வேண்டுமா? 1998-ல் 3டிஎஃப்எக்ஸ் வூடூ2 கார்டுகளை ஜோடியாக ஓட்டிய காலம் தொட்டு, 2004-ல் என்விடியா எஸ்எல்ஐ, 2005-ல் ஏடிஐ கிராஸ்ஃபயர் என்று இது கேமர்களின் கனவாக இருந்தது. 2021 ஜனவரி 1-லிருந்து பழைய கார்டுகளுக்குப் புதிய எஸ்எல்ஐ புரொஃபைல், அதாவது ஒரு கேம் இரண்டு கார்டில் ஓடுவதற்கான அமைப்பு, எழுதுவதை என்விடியா நிறுத்திவிட்டது. 2022-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-ல் கார்டுகளைப் பிணைக்கும் இணைப்பே கிடையாது. இன்றைய கேம்களில் பெரும்பாலானவற்றில் இரண்டாவது கார்டு மின்சாரம் குடித்துக்கொண்டு, மேல்கார்டைச் சுடவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பழைய ஜோடி வைத்திருக்கும் நண்பருக்கு என் யோசனை, ஒன்றை விற்றுவிடுவது. அணைவதும் நின்றுவிடும்.

ஆனால் இரட்டைக் கார்டு கேபினட்டுகள் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கின்றன. 24 ஜிபி நினைவகம் உள்ள பழைய ஆர்டிஎக்ஸ் 3090 இரண்டை வாங்கி, 48 ஜிபியில் ஏஐ மொழி மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டுகிறார்கள். இரவில் அதிலேயே கேம். ஒரு 3090-இன் சராசரியே 350 வாட். மாதிரியின் அடுக்குகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து ஓட்டும்போது கார்டுகள் மாறி மாறி வேலை செய்வதால் எஸ்எம்பிஎஸ் மூச்சுவிடும். பயிற்சி ஓட்டத்தில் இரண்டும் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கும், கேமைவிடக் கடுமையாக. இவர்களுக்குப் புது எஸ்எம்பிஎஸ்ஸுக்கு முன்னால் பவர் லிமிட். கார்டு ஒன்றுக்கு 350-லிருந்து 280 வாட்டுக்கு இறக்கினால் வேகத்தில் இழப்பது சில சதவீதம்தான், எஸ்எம்பிஎஸ் மேல் விழும் சராசரிச் சுமையில் 140 வாட் குறையும். என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையில் இதை ஒரு வரியில் செய்யலாம். மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் அந்த வரம்பு பழையபடி 350-க்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அது தானாக ஓடும்படி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.